துரைசாணி பிறந்த ஊர்

பாங்காக்கில் நான் சொன்ன முதல் பொய் என் ஊரைப் பற்றியது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பிறந்தவள் நான். பாளையங்கோட்டையில் வரலாறு படித்து, பி.எட். முடித்து, ஆறு ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்த பிறகு 2009 மே மாதம் பாங்காக்குக்குப் போனேன். நகரத்தின் கிழக்கு விளிம்பில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை. அதை வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பெற்றோர்கள் யாராவது கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லுங்கள். இந்தியா என்றால் உச்சரிப்பைச் சந்தேகப்படுவார்கள்." என் சம்பளம் 22,000 பாட். அதே வாரம், அதே வகுப்புகளுக்கு ஒரு வெள்ளைக்கார இளைஞன் வந்து சேர்ந்தான். அவனுக்கு 35,000. கல்லூரிப் படிப்பை அவன் முடித்திருக்கவில்லை. காலையில் பள்ளி வாசலில் நின்று பெற்றோர்களைப் பார்த்துச் சிரிப்பதும் அவன் வேலைகளில் ஒன்று. அந்த இடத்தில் நிற்க என்னை ஒருநாளும் அழைத்ததில்லை.

சிங்கப்பூரில் அதுவரை நான் இருந்தது சாங்கி விமான நிலையத்தில் ஆறு மணி நேரம். ஆனாலும் சரி என்றேன். வீட்டில் அடகு வைத்த நகை இருந்தது. தங்கை கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பொய் இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு தாய், அவர் சிங்கப்பூரில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவராம், ஆசையாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பகுதி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன்: தேக்கா. தேக்காவில் எந்த பிளாக் என்றார். வகுப்பில் குழந்தைகள் சத்தம் போடுகிறார்கள் என்று சொல்லி ஓடினேன். அந்தப் பெண்மணி அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகக் கை குவித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

அன்னா லியோனோவன்ஸை நான் படிக்கத் தொடங்கியது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பு அவரைத் திரைப்படத்தில் பார்த்திருந்தேன். மொட்டைத்தலை யுல் பிரின்னர் ராஜாவாகவும், கூண்டுபோல விரிந்த பாவாடையில் டெபோரா கெர் அன்னாவாகவும் வந்த 1956ஆம் ஆண்டுப் படம். கல்லூரியில் போட்டுக்காட்டினார்கள். 1860களில் சயாம் அரசர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கும் மனைவியருக்கும் ஆங்கிலம் கற்றுத்தரப் போன ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, முரட்டு ராஜாவை மனிதனாக்கிய கதை. தாய்லாந்தில் அந்தப் படத்துக்குத் தடை. 1999இல் வந்த புதிய படத்துக்கும் தடை. எங்கள் பள்ளியின் தாய் மொழி ஆசிரியையிடம் அன்னாவின் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த மேம்" என்று மட்டும் சொன்னார். நாம் துரைசாணி என்பதை அவர்கள் மேம் என்பார்கள். அதை எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதுதான் பொருள்.

அன்னா தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன கதை இது. 1834இல் வேல்ஸ் நாட்டின் காய்ர்நார்வனில் பிறந்தார். தந்தை கேப்டன் கிராஃபோர்டு இந்தியாவில் சீக்கியருடனான சண்டையில் உயிரிழந்தார். கணவர் ராணுவ மேஜர், சிங்கப்பூரில் புலி வேட்டைக்குப் போய் வெயில் தாக்கி இறந்தார். இந்தக் கதை நூறு ஆண்டுக்கும் மேல் அப்படியே நின்றது. 1970களில் அதைத் தட்டிப் பார்த்தவர் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர். அவர் சிலந்திகளை ஆராயும் விஞ்ஞானி. அன்னாவின் மகன் லூயியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தவர், காய்ர்நார்வனில் அந்தப் பிறப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. நூல் பிடித்துப் போனால் வலை மறுபக்கம் பம்பாய் மாகாணத்தில் கட்டியிருந்தது. அதன் பின் வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் மீதியைத் தோண்டி எடுத்தார்கள்.

அன்னா 1831 நவம்பரில் அகமதுநகரில் பிறந்தவர். தந்தை எட்வர்ட்ஸ் கம்பெனிப் படையில் சார்ஜண்ட். மகள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். அன்று கம்பெனியின் சாதாரணச் சிப்பாய்கள், மனைவி மக்களோடு பாரக்ஸ் மூலையில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் குடித்தனம் நடத்துவார்கள். கணவன் செத்தால் பெண்ணுக்கு அந்தத் திரைச்சீலைக்கும் உரிமையில்லை. அதனால் படைமுகாம் விதவைகள் துக்கம் ஆறுவதற்குள் இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்வார்கள். அன்னாவின் தாயும் சில மாதங்களிலேயே மறுமணம் செய்துகொண்டார். அந்தத் தாயின் தந்தை ஓர் ஆங்கிலேய அதிகாரி. தாயின் தாய் யார்? பதிவேட்டில் பெயரில்லை. இந்தியப் பெண்ணாகவோ கலப்பினப் பெண்ணாகவோ இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். திருச்சியிலோ பெரம்பூரிலோ பிறந்திருந்தால் அன்னாவை நாம் சட்டைக்காரப் பெண் என்று சொல்லியிருப்போம்.

கணவர் மேஜரும் இல்லை. தாமஸ் லியோன் ஓவன்ஸ் ஒரு குமாஸ்தா. வேலை தேடிக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு பினாங்கு. பினாங்கில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்தபோது 1859இல் இறந்தார். புலி எதுவும் இல்லை. பிறந்த நான்கு குழந்தைகளில் இருவரை ஏற்கனவே புதைத்துவிட்டு, மீதி இருவரோடு 27 வயதில் நின்ற ஒரு விதவை, கணவரின் நடுப்பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி லியோனோவன்ஸ் என்று ஆக்கிக்கொண்டு சிங்கப்பூரில் இறங்கினார். அதிகாரிகளின் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். வேல்ஸில் பிறந்த கண்ணியமான சீமாட்டி உருவானது அங்கேதான் என்கிறார்கள். இதைப் படித்தபோது என் அறையில் தனியாகச் சிரித்தேன். அவருக்கும் சிங்கப்பூர்தான் பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

இதையெல்லாம் மதுரையில் ஒரு கல்லூரியில் பேசியபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "அப்போ அவங்க ஃபிராடுதானே மேடம்?" என்றாள். அவசரப்பட வேண்டாம். சார்ஜண்ட் மகள், குமாஸ்தாவின் விதவை, கருத்த பாட்டியின் பேத்தி என்று உண்மையைச் சொல்லியிருந்தால் எந்த ஐரோப்பியக் குடும்பமும் தன் குழந்தைகளை அவரிடம் அனுப்பியிருக்காது. அரண்மனை வேலையும் கிடைத்திருக்காது. ராணுவ விதவைக்கு அன்று இருந்த மற்ற வழி அவரது தாய்க்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா எலைசாவை 15 வயதில், இருபது வயதுக்கு மேல் மூத்த ஒரு ராணுவக்காரருக்குக் கட்டிவைத்திருந்தார்கள். அன்னா அந்த வழியில் போகவில்லை. பொய் சொல்லிச் சம்பளம் வாங்கும் வழியில் போனார். அந்தப் பொய்யை நான் கணக்கில் எடுப்பதில்லை. நான் கணக்கில் எடுப்பது வேறொரு பொய்யை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1862 மார்ச்சில் ஐந்து வயது மகன் லூயியோடு அன்னா பாங்காக்கில் வந்து இறங்கினார். மகள் ஏவிஸை இங்கிலாந்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பியாயிற்று. மாதம் 150 டாலர் கேட்டார், 100 டாலருக்கு முடிந்தது. அரசருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஆங்கிலம் மட்டும் போதும், மதம் வேண்டாம். அதற்கு முன் அமெரிக்கப் பாதிரிமார்களின் மனைவியர் அரண்மனைப் பெண்களுக்குப் பாடம் நடத்த வந்து, வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வகுப்பு கலைந்துபோனது. 27 ஆண்டுகள் பௌத்தத் துறவியாக இருந்து, பிறகு அரியணை ஏறியவர் மோங்குட். லத்தீனும் ஆங்கிலமும் வானியலும் தானே தேடிப் படித்தவர். அமெரிக்க ஜனாதிபதிக்கு யானைகள் தருவதாக அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம்கூட 1861இல், அன்னா வருவதற்கு முந்தைய ஆண்டில் எழுதியது. அன்னா வந்துதான் அவருக்கு உலகம் தெரிந்தது என்பது திரைப்படக்காரர்களின் கற்பனை.

அன்னாவின் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடங்கள் ராஜா வராத இடங்கள். வந்திறங்கிய இரவில் தங்க வீடில்லை. துறைமுகத் தலைவரின் வீட்டில் ஒண்டிக்கொள்கிறார்கள். அதன் பின் பிரதமரின் மாளிகையில் ஒரு பகுதியில். அரண்மனைக்கு வெளியே தனி வீடு என்பது ஒப்பந்தம். அதைக் கேட்டுக் கேட்டு மாதங்கள் போகின்றன. ஒருநாள் வீடு தயார் என்று அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். மீன் சந்தைக்குப் பக்கத்தில், நாற்றமெடுத்த, கதவு ஜன்னல் ஒழுங்கில்லாத ஒரு வீடு. முடியாது என்று திரும்பிவிடுகிறார். பிறகு ஒருவழியாகக் கிடைத்த வீட்டில் அவரே இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு தண்ணீர் அடித்துக் கழுவுகிறார். அந்த நகரத்தில் அப்போது வண்டி போகும் சாலை இல்லை, எல்லாம் கால்வாயும் படகும்தான். குதிரை ஓட்டிப் போக வழியில்லாமல் உடம்பு கெடுகிறது என்று வெளிநாட்டுத் தூதர்கள் முறையிட்ட பிறகு போட்ட சாரோன் குருங் சாலை 1864இல்தான் முடிந்தது. இன்று அதில் பேருந்தில் போனால் நடப்பவர்கள் நம்மை முந்திப் போவார்கள்.

வீட்டைக் கழுவியது அன்னா மட்டுமில்லை. கூட பீபி இருந்தார். சிங்கப்பூரிலிருந்து உடன் வந்த இந்துஸ்தானி ஆயா. பெர்சிய மொழி கற்பித்த ஒரு முதியவரும் வந்திருந்தார். அவரை முன்ஷி என்றே புத்தகம் முழுக்கக் குறிப்பிடுகிறார் அன்னா. ஒரு நாயும் உண்டு. நாயின் பெயர் பெஸ்ஸி.

இதை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். முன்ஷி என்பது பெயரல்ல, தொழில். பீபி என்பதும் பெயரல்ல, வடக்கே அம்மா, அம்மணி என்பது மாதிரி மரியாதைச் சொல். புது ஊரில் அன்னாவின் சமையல், துணி, குழந்தை, காய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கியது அந்தப் பெண்தான். அவருடைய பெயர் நம்மிடம் இல்லை. நாயின் பெயர் இருக்கிறது. ஒரு கருத்த பாட்டியின் பெயரைப் பதிவேடு தொலைத்தது. பேத்தி தன் பங்குக்கு இன்னொரு கருத்த பெண்ணின் பெயரை விட்டுவிட்டார்.

நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அக்கா கடை வைத்திருந்தார். வடகிழக்கே இசான் பகுதியிலிருந்து வந்தவர். பிள்ளையை ஊரில் தன் தாயிடம் விட்டிருந்தார். இரண்டு சலவை இயந்திரங்கள், ஒரு உரல், ஒரு அடுப்பு. துணியை எடைபோட்டுத் துவைப்பார். நடுவில் பப்பாளிக் காயைச் சீவி உரலில் இடித்துச் சோம் தம் செய்து விற்பார். தாய் மொழியில் மூத்தவர்களை, அக்காவோ அண்ணனோ, எல்லோரையும் ஒரே சொல்லால் அழைப்பார்கள். அந்தச் சொல் 'பீ'. என் வாயில் அது வர ஒரு வாரம் பிடித்தது. முதல் தடவை சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருமி வைத்தேன். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா, "பெரிய மனுசிய போயி அப்பிடிக் கூப்புடலாமாட்டி" என்று கோபித்தாள். பிறகு பழகிவிட்டது. காலையில் பீ, மாலையில் பீ.

அவர் என்னை 'க்ரூ' என்பார். டீச்சர் என்று அர்த்தம். குரு என்ற சொல்தான் அது. எனக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். சந்தையில் எந்தக் கடையில் உப்பு குறைச்சலாக இருக்கும் என்று கூட்டிப்போய்க் காட்டினார். மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் பெண்கள் எப்படிப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், குடித்த ஆள் பின்னால் வந்தால் எந்தக் கடைக்குள் நுழைய வேண்டும், காய்ச்சலுக்கு எந்த மருந்துக்கடை என்று அந்த ஊரில் நான் பிழைக்கத் தெரிந்துகொண்ட எல்லாமே அவர் சொன்னதுதான். அவர் முன்னால் நான் சிங்கப்பூர்க்காரி வேஷம் போட்டதில்லை. போட்டாலும் நம்பியிருக்க மாட்டார். அந்த ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சொல் உண்டு: கேக். தின்னும் கேக் அல்ல. அகராதியில் அதற்கு விருந்தாளி என்று பொருள். தெருவில் இந்தியர், பாகிஸ்தானியர், அராபியர் எல்லோருக்கும் அதுதான் பெயர். சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள், சிலர் மூக்கைச் சுளித்துச் சொல்வார்கள். சீலோமில் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலை இன்றும் பாங்காக்வாசிகள் 'வாட் கேக்' என்றுதான் அழைக்கிறார்கள், விருந்தாளிக் கோயில். அங்கே போனால் தாய்ப் பெண்கள்தான் கூட்டம் கூட்டமாகத் தேங்காயும் சாமந்தியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மாரியாத்தா உள்ளூர்க்காரியாகிவிட்டாள். கட்டியவர்கள் இன்னும் விருந்தாளிகள்.

அந்தப்புரத்துக்கு வருவோம். அன்னா வகுப்பு நடத்தியது அரண்மனைக்குள் ஒரு கோயில் மண்டபத்தில். அதைச் சுற்றி மதிலுக்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்ந்த ஒரு நகரமே இருந்தது. அரசியர், பணிப்பெண்கள், அடிமைகள் மட்டுமல்ல, காவல் காத்தவர்களும் பெண்கள், கடை வைத்தவர்களும் பெண்கள். வளர்ந்த ஆண்களில் அங்கே தடையின்றி நடமாட அரசருக்குத்தான் முடியும். அவருக்கு 82 பிள்ளைகள். அந்த எண்ணைச் சொன்னாலே நம் மாணவிகள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் பிள்ளை பெறாத மனைவியர் விரும்பினால் அரண்மனையை விட்டு வெளியே போய் வேறு மணம் செய்துகொள்ளலாம் என்று அறிவித்தவரும் அதே மோங்குட்தான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

1867இல் அன்னா விடுப்பில் கிளம்பினார். அடுத்த ஆண்டு மோங்குட் இறந்தார். அன்னாவின் மாணவரான புதிய அரசர் சுலலோங்கோர்ன் நன்றியோடு கடிதம் எழுதினாரே தவிர, திரும்ப வேலைக்கு அழைக்கவில்லை. அமெரிக்காவில் பிழைப்புக்கு எழுத உட்கார்ந்தார் அன்னா. 1870இல் முதல் புத்தகம், 1873இல் அந்தப்புரக் கதைகளின் தொகுப்பு. அடிமை முறைக்காக ஒரு உள்நாட்டுப் போரே நடத்தி முடித்திருந்த அமெரிக்க வாசகர்களுக்கு, கீழை நாட்டு அரண்மனையில் சிறைப்பட்ட அடிமைப் பெண்கள் என்ற பொருள் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த இரண்டாம் புத்தகத்தில்தான் துப்திம் வருகிறாள். அரசரின் இளம் காமக்கிழத்தி. பழைய காதலன் துறவியாக இருக்கும் மடத்துக்கு ஆண் வேடத்தில் ஓடுகிறாள். இருவரையும் பிடித்துச் சித்திரவதை செய்து, அன்னாவின் ஜன்னலுக்கு எதிரே உயிரோடு எரிக்கிறார்கள். திரைப்படங்களில் இந்தக் கதையின் ஏதோ ஒரு வடிவம் எப்போதும் உண்டு. படித்தால் அழுகை வரும். எனக்கும் வந்தது. ஆனால் சயாமில் உயிரோடு எரிக்கும் தண்டனை வழக்கில் இல்லை. வேறு யாருடைய குறிப்பிலும் இந்த நிகழ்ச்சி இல்லை. அன்னா வர்ணிக்கும் பாதாளச் சிறைகளை பாங்காக்கில் கட்டவே முடியாது. இரண்டடி தோண்டினால் தண்ணீர் வரும் சதுப்பு நிலம் அது.

நான் கணக்கில் எடுக்கும் பொய் இதுதான். தன் வயிற்றுக்காக மேலே இருப்பவர்களிடம் சொன்ன பொய் வேறு. எட்ட முடியாத மதிலுக்குள் இருந்து மறுத்துப் பேச வழியில்லாத பெண்கள்மேல் கட்டிய பொய் வேறு. காய்ர்நார்வன் கதையால் ஏமாந்தவர்கள் வெள்ளைக்காரக் கனவான்கள். துப்திம் கதை கொன்றது உண்மையான பெண்களின் கதைகளை.

ஒருவரைச் சொல்கிறேன். 1865, அன்னா பாங்காக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு. நகரத்துக்கு வடக்கே நொந்தபுரியில் மூவன் என்று 21 வயதுப் பெண். சாதாரணக் குடிப் பெண்களின் பெயருக்கு முன்னால் அன்று 'அம்தேங்' என்று சேர்ப்பார்கள், அம்தேங் மூவன். அவளுக்கு ரித் என்பவனைப் பிடித்திருந்தது. பெற்றோர் வேறொருவனுக்குக் கொடுக்க முடிவுசெய்து அவளை அவனிடம் ஒப்படைக்கிறார்கள். ஓடி வருகிறாள். பிடித்துக் கொடுக்கிறார்கள். மறுபடியும் ஓடுகிறாள். வழக்கு, காவல். அதிலிருந்தும் தப்பி நேராக அரசருக்கே மனு கொடுக்கிறாள். இருபது வயது தாண்டிய பெண் தன் கணவனைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று மோங்குட் தீர்ப்புச் சொன்னார். உயர்குடிப் பெண்களுக்கு அந்த உரிமை முழுதாகக் கிடைக்கவில்லை. குல கௌரவம் குறுக்கே வந்தது. மோங்குட் ஆட்சியின் கடைசிக் காலத்தில் சான் என்று இன்னொருத்தி, தன் புருஷன் தனக்குத் தெரியாமலே தன்னை அடிமையாக விற்றுவிட்டான் என்று மனுப்போட்டாள். மனைவியின் சம்மதமின்றிக் கணவன் விற்க முடியாதபடி சட்டம் மாறியது. ஆண் மனிதன், பெண் எருமை என்று அந்த ஊரில் ஒரு பழைய சொலவடை உண்டு. அதற்கு எதிராக இந்த இருவர் எழுத்திலேயே பதில் கொடுத்தார்கள்.

எரிந்து செத்த துப்திம்மை உலகத்துக்குத் தெரியும். மனுப்போட்டு ஜெயித்த மூவனைத் தாய்லாந்துக்கு வெளியே யாருக்குத் தெரியும்? மூவன் அன்னாவிடம் படிக்கவில்லை. அவளை யாரும் மீட்கவில்லை. ஒரு துரைசாணி நுழைவதற்கு அந்தக் கதையில் கதவே இல்லை. எங்கள் பள்ளித் தாய் ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். மூவனைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவரே, அதுவும் நான் இரண்டாம் ஆண்டு அவருடைய மொழியில் தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்த பிறகு.

அன்னாவை இத்தோடு தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் குடியேறிய அவர், அங்கே 1887இல் தொடங்கிய கலைப்பள்ளியின் நிறுவனர்களில் ஒருவர். அந்தப் பள்ளி இன்று பல்கலைக்கழகம். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கூட்டங்களில் பேசினார். பேரப்பிள்ளைகளை வளர்த்தார். 1915 ஜனவரியில் மாண்ட்ரியலில் இறக்கும்வரை வேல்ஸ்காரியாகவே இருந்தார். அதற்குக் கொடுத்த விலை அக்கா எலைசா. இந்தியாவில் இருந்த அக்காவோடு உறவை முழுதாக அறுத்துக்கொண்டார். அந்த அக்காவின் பேரன் பின்னாளில் ஹாலிவுட்டில் வேறு பெயர் வைத்துக்கொண்டு ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக நடித்தார்: போரிஸ் கார்லாஃப். அந்தக் குடும்பத்துக்கே வேஷம் கைவந்த கலை போலிருக்கிறது. முப்பது வயதில் போட்ட வேஷத்தை ஐம்பது ஆண்டு கழற்ற முடியாமல், தூக்கத்தில்கூடப் பிறந்த ஊர்ப் பெயரை உளறிவிடக் கூடாதே என்று ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள். நான் இரண்டரை ஆண்டு போட்டதே போதும் போதும் என்றாகிவிட்டது.

2011 அக்டோபரில் பெருவெள்ளம் வந்தது. வடக்கிலிருந்து மெதுவாக, நாளுக்குக் கொஞ்சமாக இறங்கி வந்தது. நாங்கள் இருந்த கிழக்குப் பகுதியிலும் கால்வாய் பொங்கியது. பள்ளியை மூடிவிட்டார்கள். பீ தன் அரிசிக் குக்கர், உரல், ஒரு சலவை இயந்திரம் எல்லாவற்றையும் என் இரண்டாம் மாடி அறைக்கு ஏற்றினார். இன்னொரு இயந்திரத்தைத் தூக்க முடியவில்லை, அது மூழ்கியது. பத்துப் பதினோரு இரவுகள் நாங்கள் இருவரும் அந்த ஒற்றைக் கட்டிலில் தலைமாறிப் படுத்துக்கொண்டோம். இருப்பதை வைத்துச் சமைத்தோம். அவர் இரவில் ஊருக்குப் பேசிப் பிள்ளையைத் தூங்கவைப்பார். டான் முவாங் விமான நிலையம் நீரில் கிடந்தது. சுவர்ணபூமி மட்டும் இயங்கியது. பள்ளி எப்போது திறக்கும், சம்பளம் வருமா என்று யாரும் சொல்லவில்லை. நவம்பரில் கிளம்பிவிட்டேன். முழங்கால் தண்ணீரில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லாரி நிற்கும் இடம்வரை வந்தவர் பீதான். அங்கே நின்று, இடுப்புப் பையிலிருந்த கடன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. தாளில் எண் மட்டும்தான் இருந்தது, பெயர் எழுதவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். இரண்டரை ஆண்டில் நான் கேட்கவே இல்லை.

பீபியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் முழுக்கத் தாய் எழுத்து. பேச வந்ததே தவிர எனக்குப் படிக்க வராது. சென்னைக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்த தாய் ஆராய்ச்சி மாணவியிடம் காட்டினேன். அது என் கணக்கு. துணி மூன்று கிலோ, சோம் தம் இரண்டு, முட்டை, மறுபடியும் துணி. எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்பில், யாருடைய கணக்கு என்று எழுதியிருந்ததை அந்தப் பெண் படிக்கத் தயங்கினாள். படி, பரவாயில்லை என்றேன்.

'க்ரூ கேக்' என்று இருந்தது.

கடைசி வரியில் 85 பாட் பாக்கி. அடிக்கவில்லை.